பிஸ்கட் டப்பாவின் மூன்றாவது ஜன்னல்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். தையல் மிஷினுக்குத்தான் பெல்ட் தளர்ந்திருக்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால், அது இன்னும் உன்னோடுதான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தலைநகருக்கு வந்து மண்டபத்தைப் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருஷம் இல்லை, இந்த வருஷம். நீ அந்த மண்டபத்து அலுவலகத்திலேயே மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாய். கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "என் தம்பி மண்டபத்துல இருக்கான்" என்று சொல்லிச் சொல்லி, நீ அங்கே ஒரு தூணாக நிற்பதாகவே சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதினதில்லை.

என் பொத்தான் டப்பா ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பிஸ்கட் டப்பா. பிஸ்கட் நாலு நாளில் தீர்ந்தது. மூடியில் அச்சடித்த மண்டபம் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது. பெரிய குவிமாடம், அதன் கீழே வரிசையாக ஏழு ஜன்னல், எல்லாம் வெள்ளைவெளேரென்று. இடது பக்கத்திலிருந்து மூன்றாவது ஜன்னலில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது. உன் மாமா அது அச்சுக் கறை என்கிறார். கறைக்குத் தோள்பட்டை இருக்குமா? பார்க்கும்போதெல்லாம் இஞ்சு டேப்பை எடுக்கக் கை போகிறது எனக்கு.

நீ போய் நிமிர்ந்து பார்த்து, அது ஆளா கறையா என்று மட்டும் எழுது. மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். எந்த மாதம் வரலாம்?

கோடு போட்ட தாளில் எழுதுகிறேனே என்று யோசிக்காதே. கடையில் வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டதாம்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இருமல் நலமாக இருக்கிறது. நானும் அதை அனுசரித்து நலமாக இருக்கிறேன். மாமாவுக்கு என் அன்பைச் சொல்.

என் வேலையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? பார்வையாளர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் அனுப்புகிறேன். பதினான்கு பதில்கள் அச்சடித்துத் தயாராக இருக்கின்றன. மனிதர்கள் எதை எழுதினாலும் அது இந்தப் பதினான்கில் ஒன்றுக்குள் அடங்கிவிடும் என்பது எங்கள் அலுவலகத்தின் நம்பிக்கை. குடிநீர்க் குழாய் என்றால் நான்காம் பதில். குடை தொலைந்தால் ஆறு. மண்டபத்தைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்கு இரண்டாம் பதில்: "தங்கள் ஆலோசனை பரிசீலிக்கப்படும்."

நீ வருவது பற்றி. மார்ச்சில் வெயில் தொடங்கிவிடும். ஏப்ரலில் பள்ளிக்கூடத்துக் கூட்டம். மே மாதம் மாமாவுக்கு லீவு கிடைக்காது. அதற்குப் பிறகு மழை. அடுத்த வருஷம் என்றால் எல்லாருக்கும் சௌகரியம்.

மூன்றாவது ஜன்னலைப் பார்த்து எழுதுகிறேன். இந்த வாரம் கொஞ்சம் வேலை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சாயங்காலம் அலுவலகம் விட்டு வெளியே வரும்போது, சாய்ந்த வெயிலில் மண்டபம் மெதுவாக மூச்சு விடும், அக்கா. தூங்குகிறவன் மார்பு மாதிரி ஏறி இறங்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம்.

இந்தக் கடிதம் உன் அக்காவுக்குத் தெரியக் கூடாது. பதிலைத் தபால் ஆபீஸ் முகவரிக்கு எழுது. ஊர்த் தபால் முழுக்க என் பையில்தான் போகிறது, உனக்கே தெரியும். ஆனால் கிழிசல் பார்க்கிறேன் என்று அந்தப் பையை வாரம் ஒரு முறை அவள் கவிழ்த்துப் பார்த்துவிடுகிறாள்.

ஜனவரியில் கண் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் பேருக்கு ஒரு கவர் வந்தது. இருபத்தாறு வருஷ சர்வீசில் அடுத்தவர் கவரை நான் பிரித்ததில்லை. இதையும் பிரிக்கவில்லை. நேராகப் போய் டாக்டரைக் கேட்டுவிட்டேன். பார்வை நடுவிலிருந்து மங்கிக்கொண்டு வருகிறதாம். ஓரம் நிற்கும், நடு போய்விடும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். "இந்த வருஷம் பூரா ஓரளவு தெரியும். அப்புறம் நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலை வெளிச்சத்தில் ஐம்பது ஊசியில் நூல் கோத்துப் பஞ்சு மெத்தையில் குத்தி வைத்துக்கொள்கிறாள். "எதுக்கு இத்தனை ஊசி?" என்றால், "உங்களுக்கு எதுக்கு இத்தனை கடுதாசி?" என்கிறாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்கவேண்டும் என்று கேட்டது ஒன்றே ஒன்று. அது உன் ஆபீஸ் வாசலில் இருக்கிறது. நீ அடுத்த வருஷம் என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை, அடுத்த வருஷம் வேண்டாம்.

மாமா


மார்ச் 15

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பழக்கதோஷத்தில் பதினான்கு பதில்களையும் எடுத்துப் புரட்டினேன். எதுவும் பொருந்தவில்லை.

நீங்கள் சொன்னதற்கு ஈடாக நானும் ஒன்று சொல்லவேண்டும். மண்டபத்தை நானே பார்த்ததில்லை. நான்கு வருஷத்துக்கு முன் பழுது பார்க்கவென்று சாரம் கட்டி, அதன் மேல் அடிமுதல் நுனிவரை கித்தான் போர்த்திவிட்டார்கள். வெறும் கித்தான் தேசத்துக்கு அழகல்ல என்று அதன் மேல் மண்டபத்தையே, அதே அளவில், வண்ணத்தில் வரையச் சொன்னார்கள். நான் வேலையில் சேர்ந்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து. தினமும் ஜனங்கள் வந்து துணியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். குறை சொல்பவர்கள் குறைவு. "நேரில் இன்னும் புதுசாக இருக்கிறது" என்று பாராட்டுகிறவர்களே அதிகம். துணியா என்று கேட்டு எழுதும் ஓரிருவருக்கு ஒன்பதாம் பதில்: "மண்டபம் வழக்கம்போல் பார்வைக்குத் திறந்திருக்கிறது."

அது மூச்சு விடுகிறது என்று அக்காவுக்கு எழுதினேன். காற்றில் துணி உப்புவதைத்தான் அப்படி எழுதினேன். ஊரெல்லாம் அவள் பெருமை பேசிக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு படுதாவுக்குக் கணக்கப்பிள்ளை என்று எப்படி எழுதுவது?

துணியை எடுக்க இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். நான் சேர்ந்த அன்றும் இரண்டு மாதம் என்றுதான் சொன்னார்கள். இந்த முறை மனு கொடுக்கப் போகிறேன். அக்காவை ஜூனில் வரச் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இருமல் தேவலை.

யோசித்துப் பார்த்தேன். ஜூன் மாதம் வா. மழைக்கு முன்னால் மண்டபம் பார்க்க நன்றாக இருக்கும். மாமாவும் வரட்டும்.

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. ஆபீசில் புதிதாகப் பட்டை நிப் பேனா கொடுத்திருக்கிறார்கள். வேறு மாதிரி எழுத வரவில்லை.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லாரும் சௌக்கியம். மிஷின் பெல்ட்டும் மாற்றியாயிற்று. நீ இருமல் தேவலை என்று எழுதியது எனக்குத் திருப்தியாக இல்லை. தேவலை என்றால் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

உன் கடிதம் நான்கு தாள் கனத்தோடு வந்தது. என்னமோ ஏதோவென்று பதறிப் பிரித்தால், விஷயம் ஒரு அஞ்சல் அட்டைக்குக் காணாது. ஒவ்வொரு எழுத்தும் கோட்டுப் பொத்தான் அளவு. முன்பெல்லாம் ஒரு அட்டையில் ஊர்க்கதை முழுக்க எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட இடமில்லாமல் தவிப்பாய். பேனா அப்படி மாற்றுமா ஒரு மனுஷனை? போகட்டும். படிக்கச் சௌகரியமாகத்தான் இருந்தது.

போன வாரம் ஒரு கனவு. மண்டபத்துப் படியில் ஏறிக்கொண்டே இருக்கிறேன். படியெல்லாம் பொத்தான். மிதித்தால் சத்தம் வராமல் அமுங்குகிறது. மேலே மூன்றாவது ஜன்னலில் அந்த ஆள் நிற்கிறார். முகத்தைப் பார்க்கிறேன், முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக வெளிச்சம். பயமாக இல்லை. "அளவு எடுக்கணும், கையைத் தூக்குங்க" என்றேன். தூக்கினார். அதோடு விழித்துவிட்டேன். இடுப்பளவு தெரியாமல் போய்விட்டது.

ஜூன் என்றால் ஜூன். இனி மாற்றாதே. ஆளா கறையா என்று கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. உங்கள் பதினான்கில் அதற்கு ஒன்றும் இல்லையா?

அக்கா


மே 19

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். மனு கொடுத்தது, அது கோப்பானது, கோப்பு மாடிக்குப் போனது, மாடியிலிருந்து "எதற்காக மேலே வந்தது" என்ற குறிப்போடு கீழே வந்தது. கடைசியில் மேலாளரின் அறைக்கு நானே போனேன். அவர் கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார்.

"துணியை எடுத்தா என்னய்யா தெரியும்?"

"மண்டபம் தெரியும் சார்."

"அதோட?"

"அதோட என்ன சார்?"

"நாலு வருஷமா உள்ள ஒரு வேலையும் நடக்கலைங்கறதும் தெரியுமில்ல?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, மாமா. உள்ளே இரண்டு ஆள், ஒரு அடுப்பு, ஒரு டீக் கெட்டில். அவ்வளவுதான் பழுது பார்ப்பு.

துணியில் வரைந்தவர் கடைப் பலகை எழுதுகிறவர். வண்ணம் தொட்டுவிட வந்திருந்தார். அவரிடம் அக்காவின் ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். "அசல் வரைபடம் கேட்டேன் தம்பி, கோப்பு காணோம்னுட்டாங்க. எங்க வீட்ல ஒரு பிஸ்கட் டப்பா இருந்துச்சு. அதைப் பார்த்துக் கட்டம் போட்டுப் பெரிசாக்கினேன். மூணாவது ஜன்னல்ல ஒருத்தர் நின்னாரு. மொட்டையா நிக்கறாரேன்னு ஒரு மீசை வச்சுவிட்டேன்" என்றார்.

அக்கா இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்த டப்பா மூடியைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டுமா? எப்படியாவது இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். இரண்டு மாதம் என்று எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பி


ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

தள்ளிப்போட முடியாது. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். உன் அக்கா நேராகப் போஸ்ட் மாஸ்டரிடமே போய், "இவருக்கு லீவு குடுக்காத அளவுக்கு ஊர்ல யார் கடுதாசி எழுதறாங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் பயந்துபோய் எட்டு நாள் எழுதிக் கொடுத்துவிட்டார். ரயிலுக்குப் பதிவு செய்தாகிவிட்டது. இருபத்திரண்டாம் தேதி காலை அங்கே.

இன்னொன்று. போன வாரம் ஒரு சட்டைக்குக் கையை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. வாங்கிப் போனவர் வாத்தியார். அதை அப்படியே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். ஏன் என்று கேட்டேன். "அவங்க தச்சா ஏதோ காரணம் இருக்கும்" என்றார்.

நீ என்ன செய்வாயோ தெரியாது. துணியைக் காட்டுவதானால் துணி என்று சொல்லிக் காட்டு. அவளிடம் துணியைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது.

மாமா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். உன் சௌக்கியம், மாமா சௌக்கியம் எல்லாம் நேரில் கேட்டுக்கொள்கிறேன். இது மூன்று வருஷம் முன்பே எழுதியிருக்கவேண்டிய கடிதம்.

மண்டபம் மூடிக் கிடக்கிறது. அதன் மேல் கித்தான், கித்தானில் மண்டபத்தின் படம். படத்தை உன் டப்பாவின் தம்பி டப்பா ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ தூண் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள் துணிக்கு வெளியே உட்கார்ந்து பதில் அனுப்புகிறவன். திட்டுவதை வந்து திட்டு.

நேற்று மத்தியானம் அடித்த காற்றில் துணி கிழிந்தது. குவிமாடத்துக்குக் கீழேயிருந்து மூன்றாவது ஜன்னல் வழியாக இரண்டு ஆள் நீளம். மேலாளர் தையல்காரர்களைக் கூப்பிட்டார். ஒருவர் "மிஷினை மேல ஏத்திக் குடுங்க, தைக்கறேன்" என்றார். இன்னொருவர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, வீட்டில் சொல்லிவிட்டு வருவதாகப் போனார், வரவில்லை. பிறகு எங்களையெல்லாம் கூட்டி, "கையால தைக்கத் தெரிஞ்ச ஆள் யாராவது தெரியுமா?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன்.

அலுவலக வேலைக்கு வருகிறவர் மட்டுமே துணிக்குள்ளே போகலாம் என்பது விதி. இருபத்திரண்டாம் தேதி முதல் நீ அலுவலக வேலைக்கு வருகிறாய். உதவியாளராக மாமா பெயர் எழுதியிருக்கிறேன்.

வேலை ஒன்றும் நுணுக்கம் இல்லை. கோணி ஊசிதான், காதில் சணலே நுழையும். தையலுக்குத் தையல் ஒரு சாண் விடலாமாம். பகல் வெளிச்சம் தாராளம். சாரத்தில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த படிக்கட்டு இருக்கிறது. ஏறிப் பார்த்தேன்: அறுபத்தெட்டு படி. எல்லாம் ஒரே உயரம்.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். மாமாவுக்குக் கால் வலி. எனக்கு விரலில் மட்டும். நீ இருமுவதை எட்டு நாள் பக்கத்தில் இருந்து கேட்டேன். அது கோப்புத் தூசி. முகத்தில் துணி கட்டிக்கொள். இருக்கிற துணியெல்லாம் மண்டபத்துக்கே போய்விட்டதா?

இதை நானே எழுதுகிறேன். வரி கோணினால் கோணட்டும்.

அங்கே இருந்தபோது பேச முடியாததை எழுதுகிறேன். மாமா முன்னால் ஏறினார், கடுதாசி அடுக்குகிற குரலில் படியை எண்ணிக்கொண்டு. அறுபத்தெட்டில் நிறுத்தினார். துணிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சந்து, ஆள் திரும்பலாம், அவ்வளவுதான். அங்கே வெளிச்சம் வெளியில் இருக்கிற வெளிச்சம் இல்லை. துணியின் நிறமெல்லாம் வெயிலில் கரைந்து கல்லின் மேல் விழுகிறது. துணி மூச்சு இழுத்தால் கல்லில் ரோஜா நிறம் ஏறுகிறது, விட்டால் வடிகிறது. நீ பொய் எழுதவில்லை, தம்பி. மூச்சு விடத்தான் செய்கிறது. நீ வெளியிலிருந்து பார்த்தாய். நான் உள்ளே இருந்தேன்.

மூன்றாவது ஜன்னலைத் தொட்டேன். அது ஜன்னலே இல்லை. கல்லிலேயே கதவு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் செதுக்கி மூடி வைத்திருக்கிறார்கள். அதில் யாரும் எந்தக் காலத்திலும் நின்றிருக்க முடியாது. கட்டினவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு முன்னோர்கள்தான்.

சந்தோஷமாக இருந்தது. கீழே நின்று முழுசாகப் பார்த்திருந்தால் அது எனக்கு டப்பா மூடியில் தேய்ந்த படம் மாதிரிதான் இருந்திருக்கும். ஒரு முழத்தில் கன்னத்தைத் திருப்பி ஓரப் பார்வையாகப் பார்த்தேன். கல்லுக்குள் ஓடும் நரம்பு, உளி பட்ட தடம், ஒரு இடத்தில் கொத்தினவன் கை தவறின சின்னப் பள்ளம், எல்லாம் பார்த்தேன். போதும்.

கிழிசலை முழுக்க மூடவில்லை. ஜன்னல் இருக்கும் இடத்தில், சட்டைப் பொத்தானுக்குத் துளை எடுக்கிற மாதிரி, ஆள் உயரத்துக்கு ஒரு காஜா எடுத்து ஓரம் கட்டியிருக்கிறேன். உன் மேலாளர் பதறினார். "காத்துக்கு வழி விடாம இவ்ளோ பெரிய துணியைக் கட்டினா கிழியாம என்ன பண்ணும்?" என்று கேட்டேன். காற்றுத் துவாரம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இனி நீ பெரிய எழுத்தில் எழுதவேண்டாம். மார்ச் மாதம் உன் எழுத்து பெருத்தது. அதே மாதம் உன் மாமா வீட்டு நாற்காலிகளையெல்லாம் ஒரே இடத்தில் வைக்க ஆரம்பித்தார். யார் யாருக்கு எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவருக்குச் சொல்லாதே. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எவ்வளவு பாடுபட்டு நடிக்கிறார்.

நான் மேலே காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது நீ கீழேயிருந்து ஏதோ கத்தினாய். துணிச் சத்தத்தில் கேட்கவில்லை. என்ன கத்தினாய்?

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறேன். இருமல் பாதியாகிவிட்டது, மரியாதை கால்வாசியாகிவிட்டது. மாமாவின் கால் வலி எப்படி?

இதையும் பெரிய எழுத்தில்தான் எழுதுகிறேன். பேனா பழகிவிட்டது.

இன்று தேசத்தில் மண்டபம் என்று நிஜமாகக் கண்ணுக்குத் தெரிவது உன் காஜாவுக்குள் இருக்கிற அந்த ஓர் ஆள் உயரக் கல்தான். ஜனங்கள் துணியைப் படம் எடுத்துவிட்டு, பிறகு அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நானும் போய் நிற்கிறேன்.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெளியூர்க்காரர், ஜூன் கடைசியில் குடும்பத்தோடு வந்திருக்கிறார். "மூன்றாவது ஜன்னலில் ஒரு அம்மாள் நின்றிருந்தார்கள். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எடுத்த படத்தில் விழவில்லை. அவர்கள் யார் என்று தெரிவிக்க முடியுமா?"

பதினான்கையும் பார்த்தேன். குடிநீர் இல்லை, குடை இல்லை. கடைசியில் பதினைந்தாவதாக ஒன்று நானே எழுதி மேலாளரிடம் வைத்தேன்: "தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றாவது ஜன்னலில் நின்றவர் என் அக்கா." அவர் இரண்டு முறை படித்தார். அலுவலகக் கடிதத்தில் 'என்' வரக்கூடாது என்று அடித்து, 'எமது அக்கா' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். ஆகவே நீ இப்போது அரசாங்கத்துக்கே அக்கா.

நான் கத்தியது பற்றிக் கேட்டிருந்தாய். பிப்ரவரியில் நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவே இல்லை. அன்றைக்குக் கீழே நின்று நிமிர்ந்தேன். கிழிசலுக்குள் வெள்ளையாக வெளிச்சம், வெளிச்சத்தில் மூன்றாவது ஜன்னல், ஜன்னலில் நீ. கையை வாயில் குவித்துக்கொண்டு என் இருமலோடு சேர்த்துக் கத்தினேன்.

"கறை இல்லக்கா, ஆள்தான்!"

தம்பி